அமாவாசையன்று நான் இட்ட ஆணை

ஒரு குழந்தையை அதன் வீட்டிலிருந்து எடுத்துச் செல்ல என் ஒருவனுடைய கையெழுத்தே போதும் என்ற நிலையில் சில ஆண்டுகள் இருந்தேன். அந்தக் கையெழுத்தை ஒருமுறை தவறாகப் போட்டேன். பிறகு, தவறு என்று தெரிந்துகொண்டே அதைக் காப்பாற்றினேன். இந்த வயதில் என்னை எழுதவைப்பது இரண்டாவது காரியம்தான்.

நான் ஆரணியில் பிறந்து ஆரணி நீதிமன்றத்திலேயே வக்கீல் தொழில் பார்த்தவன். பாகப்பிரிவினை, பொதுச்சுவர், வரப்புத் தகராறு என்று சிவில் வழக்குகளிலேயே காலம் போனது. இரண்டாயிரத்துக்குப் பிறகு இளைஞர் நீதிச் சட்டம் புதிதாக வந்து, மாவட்டங்களில் குழந்தைகள் நலக் குழுக்களை அமைத்தபோது, எங்கள் குழுவில் என்னையும் ஓர் உறுப்பினராகப் போட்டார்கள். குழு திருவண்ணாமலையில் கூடும். போளூர் வழியாகப் பஸ்ஸில் போய் வருவேன். தலைவராக இருந்தவர் கல்லூரியில் பணியாற்றி ஓய்வுபெற்ற அம்மையார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

குழு கூடாத நாட்களிலும் குழந்தைகளுக்கு ஆபத்து வரும். அதற்காகச் சட்டம் ஒரு வழி வைத்திருந்தது. உறுப்பினர் ஒருவரிடமே குழந்தையைக் கொண்டுவரலாம். பாதுகாப்பான இடத்தில் வைக்கும்படி அவர் தனியாகவே உத்தரவிடலாம். குழு அடுத்துக் கூடும்போது அதை ஏற்கலாம், மாற்றலாம். அந்தப் பகுதியை நான் மிகவும் ரசித்துப் படித்தேன். காவலர்களுக்கும் தன்னார்வ நிறுவனங்களின் இளம் பணியாளர்களுக்கும் அதைப் பற்றி வகுப்புகூட எடுத்தேன். ஆபத்து இன்று, இப்போது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பேன். நேற்று இருந்திருக்கலாம், நாளை வரலாம் என்பதெல்லாம் போதாது. குழந்தையை எடுக்காமல் ஆபத்தை மட்டும் எடுக்க முடியுமா என்று யோசியுங்கள். குடித்துவிட்டு அடிக்கிற தகப்பனை ஓர் இரவு வெளியே வைக்க முடியுமானால் குழந்தை ஏன் வெளியே போக வேண்டும் என்று கேட்பேன். பெற்றவர்களின் பேச்சைக் கேட்காமல் எடுப்பதென்றால், கேட்க நேரமே இல்லாத அவசரம் இருக்க வேண்டும். அப்படி எடுத்தாலும், கேட்கும் வரைக்கும்தான் எடுக்கிறோம். கேட்டபின் அந்த உத்தரவுக்கு வேலையில்லை. இவ்வளவையும் கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மாலை வேலூரில் என் மைத்துனன் மகனுக்குக் கல்யாண வரவேற்பு. அப்போது ஒரு போன் வந்தது. தறிகளில் வேலை செய்யும் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வேலூரிலிருந்து வந்திருந்த தன்னார்வப் பெண் பேசினாள்.

"சார், ஒரு வீட்டை வெளியில பூட்டியிருக்காங்க. உள்ள ஒரு பொண்ணு, அஞ்சு வயசுதான் இருக்கும். ஜன்னலைப் புடிச்சிக்கிட்டு அழுவுது. ஒரு மணி நேரமா நிக்கிறேன், யாருமே வரல சார்."

போனேன். நெசவாளர் தெரு. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த வீடுகளிலும் ஆள் தென்படவில்லை. காவல் நிலையத்துக்குச் சொல்லியிருந்ததால் ஏட்டையா ஒருவர் எனக்கு முன்பே வந்து நிழலில் நின்றிருந்தார். ஜன்னலில் சிறுமி அழுது முடித்து, எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா எங்கம்மா?" என்றேன்.

"அம்மா வரும்."

"எப்ப வரும்?"

"வரும்."

"சாப்டியா?"

"பொரி துன்னேன்."

"அம்மா எங்க போனாங்கன்னு சொல்லிட்டுப் போனாங்களா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாருக்கும் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. நான் தொறக்க மாட்டேன்" என்றாள். பூட்டு வெளிப்பக்கம் தொங்கியது. ஏட்டையா சிரித்துவிட்டார்.

நான்கு வீடு தள்ளி மாடியில் குடியிருந்த ஓட்டல்காரர் ஒருவர் இறங்கி வந்தார். வெளியூர்க்காரர், புரோட்டா மாஸ்டர். "தெரியலியே சார். நேத்து சாயந்திரத்துல இருந்து அந்த வீட்டுல தறிச் சத்தமே கேக்கல" என்றார். அவரை விசாரித்ததோடு என் விசாரணை முடிந்தது. தெருமுனையில் ஒரு மளிகைக்கடை திறந்திருந்தது. அங்கே போய்க் கேட்கவில்லை.

"பூட்டை உடைச்சிடலாமா?" என்றேன்.

"நமக்கு அந்தப் பழக்கம் இல்லியே சார். ஸ்டேசன் லாக்கப்புல கீற ரெண்டு பேர கூப்புட்டா ஜல்தியா தொறந்துடுவானுங்க" என்றார் ஏட்டையா. கடைசியில் அவரே ஒரு கல்லை எடுத்துத் தட்டினார். பழைய பூட்டு, வாயைத் திறந்துவிட்டது.

உள்ளே ஒரே கூடம். குழித்தறி ஒன்று இருந்தது. அதில் பாவு, அதாவது நெய்ய நீளவாக்கில் கட்டும் நூல், இல்லை. அறுத்த பாவின் நுனிகள் மட்டும் நூலைக் கோக்கும் அச்சுக்குப் பின்னால் கொத்துக்கொத்தாக முடிந்து தொங்கின. அடுப்பு சாம்பலின்றி மெழுகிக் கிடந்தது. சமைத்த பாத்திரம் எதுவும் கண்ணில் படவில்லை. கொடியில் பெரியவர்களின் துணி இரண்டொன்றுதான். அந்த வருடங்களில் தறியைக் கட்டிவைத்துவிட்டுப் பெங்களூர், திருப்பூர் என்று பிழைக்கப் போன குடும்பங்கள் நிறைய உண்டு. எனக்கு எல்லாம் பொருந்திப்போயிற்று.

தன்னார்வப் பெண், "நான் வேணா ராத்திரி வரைக்கும் கூட இருக்கேன் சார். யாராவது வந்துட்டா?" என்றாள்.

அது நல்ல யோசனை. என் வகுப்பில் வந்த பாடமும் அதுதான். குழந்தைக்குக் காயமில்லை, காய்ச்சல் இல்லை. பூட்டு உடைந்தாயிற்று; பக்கத்தில் ஆள் இருந்தால் ஆபத்து என்று ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் ராத்திரி வரைக்கும் அவள் இருந்தால், ராத்திரி முடிவெடுக்க நானும் ஊரில் இருக்க வேண்டும். நான் வேலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அங்கேயே ஏட்டையாவின் மோட்டார் சைக்கிள் சீட்டின் மேல் காகிதத்தை வைத்து எழுதினேன்: பெற்றோர் தறியைக் காலி செய்துவிட்டு வெளியேறியுள்ளனர், வீட்டில் உணவு இல்லை, அக்கம்பக்கத்தாருக்கு விவரம் தெரியவில்லை, குழந்தை கைவிடப்பட்டதாகக் கருதி உடனடியாகத் திருவண்ணாமலைக் குழந்தைகள் இல்லத்தில் ஒப்படைக்க உத்தரவிடுகிறேன்.

ஸ்டேஷனிலிருந்து பெண் காவலர் வந்து சிறுமியை ஜீப்பில் ஏற்றினார். ஏறும்போது அவள் அழவில்லை. செருப்பு வேண்டும் என்றாள். தேடினோம், ஒன்றுதான் கிடைத்தது. நான் வரவேற்புக்கு நேரத்தோடு போய்ச்சேர்ந்தேன்.

நடந்தது என்னவென்று பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. தகப்பன் களம்பூரில் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். அன்று காலை அடுக்கு சரிந்து மூட்டைகள் அவன் காலில் விழுந்தன. ஆலையிலிருந்து ஆள் வந்து சொன்னதும் தாய் ஓடினாள். அரைத்தூக்கத்தில் இருந்த பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து, "பாத்துக்கோக்கா, மதியத்துக்குள்ள வந்துர்றேன்" என்று சொல்லிப் போனாள். அந்தத் தெருவில் எல்லோரும் செய்கிற காரியம் அது. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது ஒருவர் நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்திருப்பார்கள். குழந்தை சிணுங்கினால் எழுந்து வருவார்கள். ஆனால் களம்பூரிலிருந்து தகப்பனை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். தாயும் அவனை ஏற்றிய ஆலை லாரியிலேயே ஏறிவிட்டாள். இங்கே பக்கத்து வீட்டு அக்கா மதியம் வரை பார்த்துக்கொண்டு, பொரி கொடுத்து, எதிர்வீட்டில் சொல்லிவிட்டு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் வேனில் ஏறினாள். சாவி அவள் இடுப்போடு போயிற்று. எதிர்வீட்டார், தாய் இதோ வந்துவிடுவாள் என்று அடுத்த வேனில் ஏறினார்கள்.

அன்று அமாவாசை.

ஆரணியில் அமாவாசைக்குத் தறி ஓடாது. நெசவுக்காரர்களுக்கு அதுதான் விடுமுறை. கையிலிருக்கும் சேலையை முதல்நாளே முடித்து அறுத்துவிட்டு, புதுப் பாவை அமாவாசை கழித்துப் பிணைப்பார்கள். காலையில் அடுப்பு மெழுகி, உச்சிக்குப் பிறகுதான் சமைப்பார்கள். மதியத்துக்கு மேல் பாதித் தெரு மலையனூர் போய்விடும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணிதான் கணக்கு. அப்பா மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர். அன்றைக்கு அமாவாசை என்பது எனக்கு நினைவில்லாமல் போனது உண்மை. அதற்காக மட்டும் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்து குழு கூடியபோது தாய் வந்தாள். இடையில் இரண்டுமுறை இல்லத்தின் வாசல்வரை போய், உத்தரவு இல்லாமல் பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள் போலிருக்கிறது. சேலையில் டெட்டால் வாசனை. தலைவர் என் ஆணையைப் படித்துக்காட்டினார்.

"தறிய காலி பண்ணிட்டனா? யாரும்மா சொன்னது?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, குழப்பமாக. "அமாவாசம்மா. சேலை அறுத்துட்டேன். நுனி முடிஞ்சி வெச்சிகிறேனே, பாவு பிணைக்கத்தானே வெச்சிகிறேன்? ஊரவிட்டுப் போறவ நுனிய முடிஞ்சிகினா இருப்பா?"

"நுனின்னா என்னம்மா?" என்றார் தலைவர். அவர் தறியைக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

"பழைய நூலுங்க. அத்தோட புது நூல சேத்துப் பிணைப்போம். அதுகூட தெரியாமலா எழுதிகிறாங்க?"

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க ஆரணிக்காரராச்சே. அமாவாசைக்கு அப்படி ஒரு வழக்கம் இருக்கா?"

பையனாக இருந்தபோது அமாவாசையன்று ஊரே திடீரென்று அமைதியாகிவிடுவதை நான் அறிவேன். அன்றைக்குத்தான் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் எங்களோடு நாள் முழுக்க விளையாட வருவார்கள். முடிந்து தொங்கும் நுனிகளை நூறு வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவள் பேச ஆரம்பித்ததுமே எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. என் ஆணையின் முதல் வரி பொய்யாகிவிட்டதும் தெரிந்தது. ஆமாம், நான் தவறிவிட்டேன் என்று சொல்லியிருந்தால், பத்து நிமிடத்தில் குழந்தை அவள் இடுப்பில் இருந்திருக்கும்.

நான் சொன்னது இது: "பொதுவா அப்படிச் சொல்லுவாங்க மேடம். ஆனா எல்லா வீட்டிலும் அப்படித்தான்னு உறுதியாச் சொல்ல முடியாது. அஞ்சு வயசுக் குழந்தையைப் பூட்டிட்டுப் போனது உண்மை. விசாரிச்சு அறிக்கை வரட்டும்."

வக்கீல் பேச்சு. ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தால் ஒன்றும் பொய்யில்லை. தலைவர் தலையசைத்தார். நன்னடத்தை அலுவலர் வீட்டை விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்று எழுதினோம். தாய் ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு, "அதுவரிக்கும் கொயந்த?" என்று தலைவரிடம் கேட்டாள்.

"இல்லத்துல பத்திரமா இருப்பாம்மா."

"பத்திரமாதாம்மா இருந்துச்சி" என்றாள்.

மாவட்டம் முழுவதற்கும் அலுவலர் ஒருவர்தான். அவர் ஆரணிக்கு வருவதற்கே வெகுநாள் ஆனது. வந்தபோது தகப்பன் காலில் கம்பி வைத்துக் கட்டிலில் கிடந்தான். குடும்பத்துக்கு வருமானம் குறைவு, தாய் தறிவேலையும் நோயாளியையும் பார்க்க வேண்டியிருக்கிறது, எனவே தகப்பன் தேறும்வரை குழந்தை இல்லத்தில் இருப்பதே நல்லது என்று அறிக்கை வந்தது. கைவிட்டுப் போனார்கள் என்ற பேச்சே அதில் இல்லை. ஒரு காரணத்துக்காக எடுத்த குழந்தையை வேறொரு காரணத்துக்காக வைத்துக்கொண்டோம். ஏழை என்பதற்காக ஒரு பிள்ளையை யாரிடமிருந்தும் எடுக்கக் கூடாது. எடுத்த பிள்ளையைத் திருப்பித் தராமலிருக்க மட்டும் அதே ஏழ்மை எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. நான் அந்த அறிக்கையை ஏற்று ஒப்பமிட்டேன். உள்ளூர ஆறுதலாகக்கூட இருந்தது. என் ஆணையைப் பற்றி இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

இல்லத்தில் பார்வை நாள் ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு ஞாயிறு தறி ஓடும் நாள். கூலிக்கு நெய்கிறவள், வாரம் ஒருநாள் தறியை விட்டால் சேலை பிந்தும், அடுத்த பாவு வேறு வீட்டுக்குப் போய்விடும். ஆகையால் முதல் மாதம் அமாவாசையன்று திருவண்ணாமலைக்குப் போனாள். வாசலில் விடவில்லை. இதை அவளே ஒருநாள் நீதிமன்ற வாசலில் என்னைப் பிடித்துச் சொன்னாள்.

"சார், நீங்க ஒரு வார்த்த சொன்னா உள்ள உடுவாங்களாம். அமாவாசைக்கி அமாவாச பாத்துட்டு வந்துர்றேன் சார்."

"எழுதிக் குடும்மா, குழுவுல வைக்கிறேன்" என்றேன்.

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் சார் உங்க முன்னால நிக்கிறேன்?"

நானே எழுதி வைத்திருக்கலாம். செய்யவில்லை. அமாவாசை என்ற சொல் குழுவில் மறுபடி வருவதை நான் விரும்பவில்லை. அதன்பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைகளிலேயே போனாள், முடிந்தபோது. அவள் கையிலிருந்த பட்டுத்தறி போய், முரட்டு நூலுக்கு மாறினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மாதங்கள் கழிந்து மழைக்காலம் முடிகிற சமயம், சிறுமியைக் குழுவின் முன்பு அழைத்துவந்தார்கள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பேன் என்று வெட்டிவிட்டார்களாம். கொஞ்சம் வளர்ந்திருந்தாள். தாய் கதவருகே நின்றாள். தகப்பன் கக்கத்துக் கட்டையோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தலைவர் சிரித்த முகமாக, "அம்மா வந்திருக்காங்க பாரு, போ" என்றார்.

சிறுமி தாயைப் பார்த்தாள். ஓடவில்லை. திரும்பி, கூட வந்திருந்த இல்லத்துப் பணிப்பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், போகலாமா என்று. பணிப்பெண் கண்ணைக் காட்டிய பிறகுதான் நடந்தாள். ஓடாமல், வரிசையில் போகிற பிள்ளை மாதிரி நடந்துபோய்த் தாயின் முன்னால் நின்றாள். தாய் அவளுடைய வெட்டிய தலையைத் தடவினாள்.

தகப்பன் தேறுகிறவரை இன்னும் கொஞ்சநாள் என்று எழுதத்தான் அன்று தயாராக வந்திருந்தோம். நான் குறுக்கிட்டு, "விட்டுடலாம் மேடம்" என்றேன். ஏன் என்று தலைவர் கேட்டார். "ஒப்படைக்கலாம், தகப்பன் நடமாட ஆரம்பிச்சுட்டார்" என்றேன். அப்போதும் உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. இனிமேல் குழந்தையைத் தனியாக விடமாட்டேன் என்று தாயிடம் எழுதி வாங்கிக்கொண்டு, ஒப்படைத்தோம். அவள் கைநாட்டு வைத்தாள். தவறு செய்தவளிடம் வாங்குகிற உறுதிமொழி அது.

சாயந்திரம் ஆரணி பஸ்ஸில் அவர்களும் ஏறினார்கள். தகப்பன் காலை நீட்ட வேண்டும் என்று நடத்துநர் அவனை முன்னால் உட்காரவைத்தார். தாயும் மகளும் எனக்கு முன் சீட்டில். சிறுமி ஜன்னல் பக்கம். வண்டி ஊரைத் தாண்டியதும் அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

"எப்ப திருப்பி இட்டுகினு வந்து உடுவ?"

"உடமாட்டேன்டி. வூட்டுக்குப் போறோம்."

"ராத்திரிக்கி?"

"எல்லா ராத்திரிக்கும்."

சிறுமி நம்பினாளா தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தாய் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். போளூரில் பஸ் நின்றது. டிரைவரும் நடத்துநரும் டீ குடிக்க இறங்கினார்கள். வண்டியில் சத்தம் அடங்கியதும், யோசித்தால் சொல்லமாட்டேன் என்று பயந்து, முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அம்மா, முதல் தடவை நீ வந்தப்பவே நீ சொன்னது நிஜம்னு எனக்குத் தெரியும். அமாவாசை, நுனி, எல்லாம். தெரிஞ்சும் தெரியாத மாதிரி பேசிட்டேன்."

அவள் திரும்பவில்லை. பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது.

"தெரியும் சார். ஆரணில பொறந்துட்டு அமாவாச தெரியாதவங்க யார்னா கீறாங்களா?"

நான் கம்பியிலிருந்து கையை எடுத்தேன். அவளே கேட்டாள். "அன்னிக்கி நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா, அன்னிக்கே குடுத்திருப்பாங்களா?"

"குடுத்திருப்பாங்க."

"அன்னிக்கே?"

"அன்னிக்கே."

அவள் ஏதாவது சொல்வாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், அது எனக்கு உதவியாகவும் இருந்திருக்கும். அவள் சேலைத் தலைப்பை எடுத்துப் பிள்ளையின் மேல் போர்த்தினாள். களம்பூர் வந்தது, போனது. மன்னித்துவிடு என்று கேட்க வாயெடுத்தேன். அவளிடமிருந்து இன்னும் ஒன்றை வாங்கிக்கொள்வது மாதிரி இருந்தது. கேட்கவில்லை.

ஆரணியில் இறங்கும்போது நான் முதலில் இறங்கினேன். தகப்பனைக் கைத்தாங்கலாக நடத்துநர் இறக்கிவிட்டார். தாய் படியில் நின்றாள். ஒரு கையில் தூங்குகிற பிள்ளை, மறு கையில் இல்லத்தில் கொடுத்த துணிப்பை. கம்பியைப் பிடிக்கக் கையில்லை. பின்னால் இறங்குகிறவர்கள் நெருக்கினார்கள். நான் இரண்டு கைகளையும் நீட்டினேன், குழந்தையை வாங்கிக்கொள்ள.

அவள் என் கைகளைப் பார்த்தாள். பிள்ளையைத் தோளில் இன்னும் மேலே ஏற்றி இறுக்கிக்கொண்டு, துணிப்பையை என்னிடம் கொடுத்தாள். கம்பியைப் பிடித்து இறங்கினாள். இறங்கி நின்றதும் பைக்குக் கையை நீட்டினாள். கொடுத்தேன்.